தாத்தா துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி

பைக் பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். 2020-ல் இந்தியச் சந்தைக்கு 'ஸ்வார்ட்பிலன்', 'விட்பிலன்' என்று இரண்டு பைக்குகள் வந்தன. ஸ்வீடிஷ் மொழியில் கறுப்பு அம்பு, வெள்ளை அம்பு என்று அர்த்தம். புனே பக்கம் சாக்கனில், பஜாஜ் தொழிற்சாலையில் தயாரானவைதான். ஆனால் பெட்ரோல் டேங்கில் இருக்கிற பெயர் ஸ்வீடன்காரர்களுடையது: ஹஸ்க்வர்னா. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் இருக்கும். நடுவில் 'ஹெச்' எழுத்து, அதற்கு மேலே கிரீடம் மாதிரி ஏதோ ஒன்று. நிறைய பேர் அதைக் கிரீடம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது துப்பாக்கியின் குறிமுள்!

பைக் கம்பெனிக்கு எதற்குத் துப்பாக்கிச் சின்னம் என்றால், அது பிறந்ததே துப்பாக்கி செய்யத்தான். 1689-ல், வெட்டர்ன் என்கிற பெரிய ஏரியின் தென்கோடியில், ஓர் அருவியின் பக்கத்தில் ராணுவத்துக்காகத் தொடங்கப்பட்ட ஆயுதப் பட்டறை அது. அருவித் தண்ணீரின் வேகத்தில்தான் குழல் துளைக்கும் இயந்திரங்கள் ஓடின. 'ஹஸ்க்வர்னா' என்ற பெயருக்கே கோட்டை வீட்டு மாவு மில் என்றுதான் பொருள். ராணுவ ஆர்டர் குறைந்த காலத்தில் பட்டறை சும்மா இருக்க முடியுமா? 1872-ல் தையல் மெஷின் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு சைக்கிள், 1903-ல் மோட்டார் சைக்கிள், 1959-ல் மரம் அறுக்கும் செயின்சா. நடுவில் சமையலறைக்குக் கறி அரைக்கும் மெஷினும் உண்டு.

அதனால் ஸ்வீடன் கிராமத்தில் ஒரு பழைய வீட்டுக்குள் போனால், பாட்டியின் தையல் மெஷின், அடுப்படியில் கறி மெஷின், கொட்டகையில் செயின்சா, அலமாரியில் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி என எல்லாவற்றிலும் அந்த ஒரே பெயரைப் பார்க்கலாம்.

இந்த வாரம் அந்த அலமாரியைத் திறப்போம்.

ஸ்மோலாந்த் மாகாணத்தில் ஒரு பேத்தி என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவளைப் போல அங்கே நிறைய பேர். அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். (அம்மா வழித் தாத்தாவுக்கும் அப்பா வழித் தாத்தாவுக்கும் ஸ்வீடிஷில் தனித்தனிச் சொல் உண்டு. மாமாவும் சித்தப்பாவும்கூட வேறு வேறுதான். ஆங்கிலத்தைப் போல எல்லோரையும் 'அங்கிள்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில்லை.) தாத்தா விட்டுப்போனவற்றில், 1940-களில் ஹஸ்க்வர்னா செய்த ஒரு வேட்டை ரைஃபிளும் இருக்கிறது.

நிலம், வீடு மாதிரி துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. உரிமையாளர் இறந்தால், குடும்பம் ஒரு வருடத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கலாம், லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்கோ விற்கலாம், இல்லையென்றால் போலீஸில் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தால் அழித்துவிடுவார்கள். ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதிலும் கட்டுப்பாடு இருப்பதால், பழைய துப்பாக்கிகளுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. நல்ல எஃகும் வால்நட் கட்டையுமாக எழுபது வருடம் உழைத்த பொருள், கேட்பாரில்லாமல் உருக்காலைக்குப் போவது அங்கே சாதாரணம்.

பேத்திக்கு அதில் மனமில்லை. லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் வேட்டைக்காரர் தேர்வு எழுத வேண்டும். 1985-லிருந்து இருக்கிற முறை. விலங்குகள், சட்டம், பாதுகாப்பு பற்றிக் கேள்வித்தாள். அது முடிந்தால் செய்முறைத் தேர்வு. 80 மீட்டர் தூரத்தில் நிற்கிற, ஓடுகிற விலங்குப் படத்தைச் சுட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்பு அலமாரியும் இருந்தாக வேண்டும்.

அந்த விலங்கு மூஸ். மான் இனத்திலேயே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 400, 500 கிலோ தேறும். ஸ்வீடிஷில் அதற்கு 'எல்ய்' என்று பெயர். நம் காதில் 'எலி' என்றுதான் விழும். கொட்டகை உயர எலி!

'பாவம், அதைப் போய்ச் சுட வேண்டுமா?' என்று கேட்கத் தோன்றும். வேட்டைக்கு 1972-லேயே சட்டம் கொண்டுவந்து கடிவாளம் போட்ட நாட்டிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றுவது சரிதான். அங்கே நிலைமை வேறு. ஓநாயும் கரடியும் குறைவு. காடுகளில் பெரும்பகுதி மரத்துக்காக வளர்க்கப்படுபவை. இளம் பைன் கன்றுகளை மூஸ் மேய்ந்து தள்ளிவிடும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கார்கள் அதன்மேல் மோதுகின்றன. நீண்ட கால்கள் என்பதால் உடம்பு நேராகக் கார் கண்ணாடியில் வந்து விழும். அதனால் பகுதிக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு வேட்டைக்கு அனுமதி தருகிறார்கள். உச்சம் 1982. அந்த ஒரு வருடத்தில் சுமார் 1,74,000 மூஸ்கள் வேட்டையாடப்பட்டன. அதன் பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. தென் ஸ்வீடனில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வேட்டை தொடங்கும். அன்று கிராமத்தில் பாதிப் பேர் வேலைக்கு லீவு.

இனி துப்பாக்கிக்கு வருவோம். அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாலே போதும். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் தாழ்ப்பாள் விழுகிறது. போல்ட் ஆக்‌ஷன் என்பது அவ்வளவுதான். இழுக்கும்போது காலித் தோட்டா வெளியே விழும், தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே ஏறும், மடக்கும்போது பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் மௌசர் கம்பெனி வடிவமைத்த அமைப்பு இது. ஸ்வீடன் ராணுவம் 1890-களில் இதை ஏற்றது. கூடவே 6.5 மில்லிமீட்டர் குண்டு, 55 மில்லிமீட்டர் நீளக் கூடு கொண்ட தோட்டாவும் வந்தது. ஸ்வீடனும் நார்வேயும் சேர்ந்து உருவாக்கிய தோட்டா. அதிர்ச்சி குறைவு, துல்லியம் அதிகம். நூற்றாண்டு தாண்டியும் ஸ்காண்டிநேவியக் காடுகளில் அதற்கு மவுசு குறையவில்லை. தாத்தாவின் துப்பாக்கியும் அந்த ராணுவ மௌசர் அமைப்பை வைத்து வேட்டைக்காகச் செய்யப்பட்டதுதான்.

எல்லாம் சரி. பேத்தி குறிபார்க்கும்போதுதான் சிக்கல். துப்பாக்கியில் ஸ்கோப் இல்லை. பின்னால் ஒரு 'வி' வடிவப் பள்ளம், முன்னால் ஒரு முள். தாத்தா காலமெல்லாம் அதை வைத்தே சுட்டார். கடைசிப் பத்து வருடம் அவர் காவல் மேடையில் வெறுமனே உட்கார்ந்து வந்தார் என்பது பாட்டிக்கு மட்டும் தெரியும்.

காரணம் வெள்ளெழுத்து. பழைய முறையில் குறிபார்க்க, கண்ணுக்கு அரை மீட்டருக்குள் இருக்கும் பள்ளம், கைக்கெட்டும் தூரம் தாண்டி இருக்கும் முள், 80 மீட்டர் தள்ளி இருக்கும் விலங்கு என மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். இளமையில் அது சட்சட்டென்று மாறிச் சமாளித்துவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் பள்ளம் புகை மாதிரி ஆகிவிடும். ஊசியில் நூல் கோக்க முடியாமல் பாட்டி தடுமாறுகிற அதே கதைதான்.

ஸ்கோப் இந்தத் தொல்லையை ஒரே அடியில் தீர்க்கிறது. பெரிதாக்கிக் காட்டுவது அதன் முக்கிய வேலை என்று பலர் நினைப்பார்கள். அது இரண்டாம்பட்சம். குறிக்கோடும் விலங்கின் பிம்பமும் ஒரே தளத்தில் தெரிகின்றன, அதுதான் பெரிய உதவி. கண் ஒன்றைப் பார்த்தால் போதும்.

பேத்திக்கு வெள்ளெழுத்து வர இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அக்டோபர் காலையின் மங்கல் வெளிச்சத்தில், பழுப்புப் புதருக்குள் நிற்கும் பழுப்பு விலங்கின்மேல் கறுப்பு முள்ளைத் தேடுவது எந்தக் கண்ணுக்கும் சிரமம். தவறினால் விலங்கு காயத்தோடு ஓடும். இங்கே சட்டமும் கண்டிப்பு: காயப்பட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது சுட்டவர் கடமை. அதற்கென்றே பயிற்சி பெற்ற மோப்ப நாய் அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து தேட ஏற்பாடு இருக்க வேண்டும். இதெல்லாம் நடந்தும் இரவு முழுக்க அந்த விலங்கு எங்கோ வலியோடு கிடந்தால் சுட்டவருக்குத் தூக்கம் வராது.

ஆக, ஸ்கோப் வேண்டும். ஆனால் பொருத்த இடமில்லை! துப்பாக்கியின் மேல்பக்கத்தில் ஒரு திருகு ஓட்டைகூடக் கிடையாது. ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

பாட்டி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார்.

அதிலும் நியாயம் உண்டு. பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் கேட்டால், ஓட்டை போட்ட துப்பாக்கி அவர்களுக்குச் சேகரிப்புப் பொருளே இல்லை என்பார்கள். ராணுவத்திலிருந்து வந்த அசல் துப்பாக்கி, எல்லா உதிரிப் பாகங்களிலும் ஒரே எண், யாரும் கைவைக்காதது என்றால் அதில் டிரில் வைப்பது அநியாயம்தான். பழைய கல்வெட்டுக்கு மேல் ஆணி அடிப்பது மாதிரி. ஆனால் இது வேட்டைக்கென்றே ஆயிரக்கணக்கில் செய்த துப்பாக்கி. உழைக்கத்தான் பிறந்தது. அலமாரியில் வைத்து அழகு பார்க்க லைசென்ஸும் எளிதில் கிடைக்காது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பின்குறி இருக்கிற இடத்திலேயே தாங்கி மாட்டி, கண்ணிலிருந்து தள்ளி, குழலின் மேல் ஒரு சிறிய ஸ்கோப்பைப் பொருத்தலாம். அமைப்பில் ஓட்டை வேண்டாம், போல்ட்டைத் தொட வேண்டாம். ஆனால் கண்ணுக்குத் தூரமாக இருப்பதால் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் பார்வைப் பரப்பு குறையும். மங்கல் வெளிச்சத்தில் அவ்வளவு எடுபடாது. பேத்தி அதைப் பிறர் துப்பாக்கியில் பார்த்துவிட்டு, பட்டறைக்கே போக முடிவெடுக்கிறாள்.

துப்பாக்கிப் பட்டறைக்காரர் கையில் வாங்கியதும் பார்ப்பது ஓட்டைக்கான இடத்தை அல்ல, போல்ட்டின் கைப்பிடியை. தூக்கினால் அது ஸ்கோப்பில் போய் இடிக்கும். பழைய ராணுவ மௌசரில் கைப்பிடி பக்கவாட்டில் கம்பி மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கோப் என்ற ஒன்று மேலே வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? அதைச் சூடாக்கி வளைக்க வேண்டும், அல்லது வெட்டிப் புதுக் கைப்பிடி வெல்டிங் செய்ய வேண்டும். சூடு போல்ட்டின் முன்பக்கப் பூட்டுப் பற்கள்வரை ஏறிவிட்டால் எஃகின் உறுதி போய்விடும். முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற பொருள் இது. ஈரத்துணி, வெப்பம் உறிஞ்சும் இரும்புத் துண்டு என்று முன்னேற்பாடு செய்துகொண்டுதான் நெருப்பையே பற்றவைப்பார்கள். வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

அடுத்தது பாதுகாப்புப் பூட்டு. போல்ட்டின் பின்னால் சிறு கொடி மாதிரி நிற்கும். இடமிருந்து வலமாக, தலைக்கு மேலாகப் புரளும். அதே இடத்தில்தான் ஸ்கோப்பின் பின்கண்ணாடி வந்து உட்காரும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு, தாழ்வாக அசைகிற வேறு பூட்டு போட வேண்டும்.

பிறகுதான் ஓட்டை. மேல்தோல் கடினமாக்கப்பட்ட எஃகு. சாதாரண டிரில் பிட் வழுக்கி ஓடும். குழலின் மையக்கோட்டிலிருந்து இம்மி விலகினாலும் ஸ்கோப் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிறகு அதன் திருகுகளை எவ்வளவு திருப்பினாலும் சரிக்கட்ட முடியாமல் போகலாம். முன்பக்க வளையத்துக்குள்ளேதான் போல்ட்டின் பற்கள் பூட்டிக்கொள்கின்றன; அங்கே போடும் ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாகிவிட்டால் போல்ட் முட்டும். துளை போட்டு, மரை வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஸ்க்ரூவில் ஒரு சொட்டுப் பசை வைத்து முறுக்குவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் குதிக்கும். தளர்ந்த ஒரே ஸ்க்ரூ மொத்த வேலையையும் கெடுத்துவிடும்.

எந்த ஸ்கோப் என்பதிலும் பட்டறையில் பேச்சு நடக்கும். கடையில் போனால் 'பெரிசா காட்டுறது வேணும்' என்று கேட்பவர்களே அதிகம். காட்டில் மூஸ் ஓடும்போது பெரிதாகக் காட்டினால், கண்ணாடி முழுக்கப் பழுப்பு ரோமம்தான் தெரியும். தலை எது, வால் எது என்று புரியாது. ஒன்றரை மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை போதும். முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்றால், ஆறு மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 42-ஐ 6-ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர். இருட்டில் இளம் கண்ணின் பாப்பா விரிகிற அளவும் ஏறக்குறைய அதுதான். ஓடுகிற இலக்குக்கு இன்னொரு வழி, சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும் உருப்பெருக்கம் இல்லாத குறிக்கருவி. அதையும் 1975-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனிதான். நல்ல ஸ்கோப் ஒன்றின் விலை, பழைய ஹஸ்க்வர்னாவின் விலையைவிடப் பல மடங்கு. பட்டுப் பாவாடைக்குச் சணல் நாடா கட்டக் கூடாது என்பார்கள். இங்கே நாடாதான் பட்டு!

இன்னொரு சங்கடத்தைப் பேத்தியே கண்டுபிடித்தாள். பழைய கட்டை, தாழ்ந்த குறிக்காகச் செதுக்கியது. ஸ்கோப் நாலைந்து சென்டிமீட்டர் மேலே போனதும் கன்னம் கட்டையில் பதியாமல் அந்தரத்தில் நிற்கிறது. கழுத்தை நீட்டிப் பார்த்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடிக்கும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் சுமார் 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அவசரக்காரர்களின் புருவத்தில் பிறைநிலா வடிவில் தழும்பைப் பார்க்கலாம். கன்னம் பதிய, தோலால் ஒரு திண்டு கட்டலாம். தோல் தைக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார். வேண்டாம் என்று சொன்ன பாட்டி, மூன்றாம் நாள் தையல் மெஷினில் கனத்த ஊசி மாட்டினார்.

குறி சரிபார்ப்பது ஒரு முழு நாள் வேலை. முதலில் போல்ட்டை உருவிவிட்டு, குழல் வழியாகவே தூரத்து அட்டையைப் பார்ப்பார்கள். குழல் காட்டும் புள்ளியையே ஸ்கோப்பும் காட்டும்படி திருகுகளைத் திருப்புவார்கள். பிறகு 25 மீட்டரில் சுட்டு, அதற்குப் பின் 100 மீட்டர். ஐரோப்பிய ஸ்கோப்புகளில் பெரும்பாலும் ஒரு 'க்ளிக்' திருப்பினால் 100 மீட்டரில் குண்டு ஒரு சென்டிமீட்டர் நகரும். மூன்று குண்டுகள் 12 சென்டிமீட்டர் கீழே, 6 சென்டிமீட்டர் வலது என்று விழுந்தால், 12 க்ளிக் மேலே, 6 க்ளிக் இடது. அதே க்ளிக் 25 மீட்டரில் கால் சென்டிமீட்டர்தான். இந்தக் கணக்கை மறந்துவிட்டுத் தோட்டாவை வாரியிறைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஸ்கோப் மேலே, குழல் கீழே. குண்டு கீழிருந்து கிளம்பிப் பார்வைக் கோட்டைத் தாண்டி மேலேறி, பிறகு இறங்கும். அதனால் பலர் 100 மீட்டரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் மேலே படும்படி வைத்துக்கொள்கிறார்கள். காட்டில் சுடுகிற எந்தத் தூரத்துக்கும் அது ஒத்துவரும். மூஸுக்குச் சட்டம் கேட்கிற பலமும் இந்தச் சின்னத் தோட்டாவில் உண்டு: குண்டு 10 கிராமுக்குக் குறையாமல் இருந்தால், 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றல் போதும். 6.5-ன் கனமான குண்டு 10.1 கிராம். மயிரிழையில் பாஸ்!

அக்டோபர் இரண்டாம் திங்கள். ஏழு மணிக்குக் குழு கூடுகிறது. தலைவர் எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்று சொல்கிறார். தாயும் கன்றும் வந்தால் கன்று முதலில். தாயை முதலில் சுட்டால் கன்று அநாதையாகித் தவிக்கும். கேட்க வலிக்கிற விதி. ஆனால் பின்பற்றாவிட்டால் இன்னும் வலிக்கிற விதி. பேத்தி தாத்தாவின் பழைய மேடையில் ஏறுகிறாள். நாய் எங்கோ குரைக்கிறது. ஒரே இடத்திலிருந்து விடாமல் குரைத்தால், மூஸை நிறுத்திவிட்டது என்று பொருள். பிறகு குரைப்பு நகர்கிறது. அவள் பக்கமாக.

பிர்ச் மரங்களுக்கு நடுவே வந்து நின்றது ஓர் இளம் காளை. 70 மீட்டர். பக்கவாட்டில், அசையாமல். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிக் கன்னத்தைப் பாட்டியின் திண்டில் பதித்தாள். குறிக்கோடு தோளுக்குப் பின்னால் போய் நின்றது. அப்போதுதான் கண்ணாடிக்குள் தெரிந்தது, சரியாக அந்த இடத்துக்குக் குறுக்கே விரல் பருமனில் ஒரு பிர்ச் கிளை. குண்டு அதில் பட்டால் திசை மாறும், வயிற்றில் போய் இறங்கும். வெறும் முள்ளையும் பள்ளத்தையும் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கிளை தெரிந்தே இருக்காது.

காத்திருந்தாள். காளை ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். வைத்தது, பின்பக்கமாக. அடுத்த நொடி காட்டுக்குள் மறைந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து மேடையிலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம். நாய் குரைப்பதை நிறுத்தியது.

சாயங்காலம் கறியைப் பங்கு போட்டார்கள். சுட்டவர், சுடாதவர் என்ற பேதமில்லை. பேத்தியின் பங்கு வீட்டு மெஷினில் அரைபட்டது. ஈரம் போகத் துடைத்துத் துப்பாக்கியை அலமாரியில் பூட்டிவிட்டு வந்தபோது, பாட்டி ஒரே கேள்வி கேட்டார்: "கிளை தெரிந்ததா?"

தெரிந்தது என்றாள். பாட்டி தையல் மெஷினின் டிராயரைத் திறந்து காட்டினார். ஸ்கோப்பின் முன்கண்ணாடி இடித்ததால் பட்டறையில் கழற்றிக் கொடுத்த பழைய பின்குறி, துணியில் சுற்றி, நூல்கண்டுகளுக்கு நடுவில் இருந்தது.